மதுரைக்குப் போன என் நெஞ்சுத் துடிப்பு

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

சங்கரன்கோவிலில் வாடகைக் கொட்டகையில் இரண்டு பழைய விசைத்தறி. அப்புறம் சொந்தக் கொட்டகை, அது நிறையத் தறி. அந்தத் தெருவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர். அதற்காக நான் ஏறி இறங்கிய ஆபீஸ் படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மலையே கட்டலாம். மழை பெய்தால் சைக்கிள் சக்கரம் சுற்றாத சகதியில் மாடி வைத்த வீடு. மூன்று பெண்பிள்ளைகளுக்குக் காலேஜ் படிப்பு. தறிக்காரர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு கக்கூஸ். சிரிக்க வேண்டாம். கட்டடத்தைவிட கக்கூஸுக்குத்தான் அதிகம் சண்டை போட்டேன். இத்தனையும் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போனவன் செய்தது. உருப்படமாட்டான் என்று சொன்ன வாத்தியாருக்கு அவர் மகள் கல்யாணத்தில் ஜவுளி கொடுத்ததும் நான்தான்.

இந்த வரிசையில் இப்போது இன்னொன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இதய வார்டில் இன்றைக்குப் பகலில் இரண்டு நர்ஸ் நிற்கிறார்கள் என்றால், சுவரில் ஒரு பெரிய மணி தொங்குகிறது என்றால், சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண்ணின் வேலை போகாமல் இருக்கிறது என்றால், அதிலெல்லாம் என் கை இருக்கிறது. கை என்ன, நெஞ்சே இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முந்தி, கொட்டகையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, நடுவில் ஒரு அடி தப்பி, மறுபடி அடித்தது. தறிச் சத்தத்தில் நாற்பது வருஷம் நின்றவன் நான். ஓட்டத்தில் ஒரு அடி தப்பினால் எனக்குத் தெரிந்துவிடும். நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எனக்குத் தெரிந்தவர். அவருடைய அப்பா என்னிடம் வேட்டி எடுத்தவர். பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் துடிப்பு ஒழுங்கில்லை, சில நாள் படுத்திருங்கள், கண்காணிக்க வேண்டும் என்றார்.

கண்காணிப்பது என்றால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நெஞ்சில் அங்கங்கே பொட்டு மாதிரி ஒட்டு வைத்தார்கள். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு வயர். எல்லா வயரும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டிக்குள் போகிறது. அதைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். என் துடிப்பு அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பி மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகுமாம். அங்கே ஏசி அறையில் ஆட்கள் உட்கார்ந்து ஊர் ஊராக வருகிற துடிப்பைத் திரையில் மேலும் கீழும் ஓடுகிற கோடாகப் பார்ப்பார்களாம். கோளாறு தெரிந்தால் எங்கள் வார்டுக்குப் போன் போடுவார்களாம். என் வாழ்நாளில் டிக்கெட் எடுக்காமல் மதுரைக்குப் போன பொருள் அது ஒன்றுதான்.

வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு சிவகிரிப் பெண். சின்ன வயது, வேகமான நடை, கண்டிப்பான வாய். வந்த அன்றே என்னைத் தாத்தா என்றாள். பஜாரில் என்னை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சரி தாத்தா என்றாள்.

இரண்டாம் நாள் ஒட்டு மாற்றும்போது அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள். முன்பு அந்த வார்டில் பகலில் இரண்டு நர்ஸ் இருந்தார்களாம். மதுரையிலிருந்து பார்க்கிறார்களே, இனி ஒருத்தி போதும் என்று மற்றவளைக் கீழே ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் வேலை கூடித்தான் போயிருக்கிறது. ஒருத்தர் வியர்த்தால் ஒட்டு கழன்றுவிடும்; திரும்பிப் படுத்தால் கழன்றுவிடும்; சட்டை மாற்றினால் கழன்றுவிடும். உடனே மதுரையிலிருந்து போன் வரும். போன் இருப்பது வாசல் மேசையில். அவள் ஊசியை வைத்துவிட்டு ஓட வேண்டும். எடுத்தால் பெரும்பாலும் ஒட்டு விஷயம்தான். இன்னொரு ஆள் வேண்டும், போனைக் கையோடு வைத்துக்கொள்கிற மாதிரி வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் என்றாராம்.

"மதுரையில இருந்து பாக்கத்தான் முடியும் தாத்தா. கை வைக்கணும்னா நான்தான வரணும்" என்றாள்.

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. டாக்டருக்கு விளங்க நாளாகும் என்பதும் விளங்கிவிட்டது. தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் தறி தானே நிற்கிற மாதிரி ஒரு கம்பி உண்டு. அதை நம்பி, ஒரு ஆளுக்கு இரண்டு தறி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த முதலாளிகளை எனக்குத் தெரியும். தறி நின்றது. நின்றதை ஓட்ட ஆள் இல்லை. கம்பி நிறுத்தும், நூலை முடிச்சுப் போடாது. இதை அவளிடம் விரிவாகச் சொன்னேன். பாதியில் போன் அடித்தது, ஓடிவிட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம், ஆட்கள் வந்து பார்க்கிற நேரம். என் வீட்டம்மா வந்தாள். நேராகக் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊர்க் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். தலைவலி என்றால் நெற்றியில், வயிற்றுவலி என்றால் வயிற்றில், எங்கே நோவோ அங்கே தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசுவோம். எனக்கு நோவு நெஞ்சில். அவள் பூச வேண்டிய இடத்தில் ஒட்டு இருந்தது.

அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. கண்ணாடியில் ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டைத் தினமும் எடுத்து நெற்றியில் வைக்கிறவள். என் நெஞ்சு ஒட்டுகளையும் நகத்தால் நோகாமல் உரித்து, மண்ணைக் கெட்டியாகப் பூசி, அது காய்வதற்குள் ஒட்டுகளை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கை கழுவப் போனாள்.

அந்த நேரம் பார்த்து, கடைசிக் கட்டிலில் இருந்த, பக்கத்துத் திருவேங்கடம் ஊர்ச் சம்சாரி கழிப்பறைக்குப் போக எழுந்தார். பருத்தி போட்டிருக்கிற விவசாயி, ஆள் ஆறடி. எழுந்தவர் வியர்த்து, கண் செருகி, அப்படியே சாய்ந்தார். சிவகிரிப் பெண் ஓடிப் போய் அவரைத் தாங்கிப் பிடித்தாள். அவர் வாந்தி எடுத்தார். அவள் ஒரு கையால் தலையைத் திருப்பிப் பிடித்து, மறு கையால் அவர் இடுப்பை அணைத்து, தன் முழங்காலைக் கட்டிலில் முட்டுக் கொடுத்து நின்றாள்.

வாசல் மேசையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

போன் அடிக்கிறது என்று நான் குரல் கொடுத்தேன்.

"அடிக்கட்டும். இவர விட்டா மண்ட ஒடஞ்சிரும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நான் எழுந்து போய் எடுத்திருப்பேன். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். ஆகவே வாழைப்பழம் ஒன்றை உரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் சம்சாரியை மெல்லப் படுக்க வைத்து, காலுக்குத் தலையணை கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டாள். அவருக்கும் கண் திறந்துவிட்டது. போனும் ஓய்ந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். டாக்டர் முன்னால் ஓடி வருகிறார். பின்னால் இரண்டு பேர் ஷாக் கொடுக்கிற மிஷினைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நேராக என் கட்டிலுக்கு வந்த டாக்டர் இரண்டு கையையும் கோத்து என் நெஞ்சில் வைத்துவிட்டார். அழுத்துவதற்குக் குனிந்தவர் என் முகத்தைப் பார்த்தார். என் வாயில் பழம்.

"அண்ணாச்சி... மதுரையில ஒங்க கோடு படுத்துட்டுன்னு சொல்லுதாங்க" என்றார். வார்டில் யாரும் எடுக்காததால் அவருடைய செல்போனுக்கே அடித்திருக்கிறார்கள். மூச்சு வாங்கியது அவருக்கு.

"மதுரையில படுத்தா படுத்துட்டுப் போட்டும். இங்கன உக்காந்து பழம்லா திங்கேன்" என்றேன்.

வார்டே சிரித்தது. மிஷின் தள்ளி வந்த ஒருவன் சுவரில் சாய்ந்து சிரித்தான். நான் செத்த செய்தியை என்னிடமே கொண்டு வந்தவர் என்று இன்றைக்கும் டாக்டரைப் பார்த்தால் சொல்வேன். ஆனால் டாக்டருக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வார்டில் அவர் கண்ணில் பட்டது என்ன? அடித்து ஓய்ந்த போன், மேசையில் ஆள் இல்லை, நர்ஸ் கடைசிக் கட்டிலில் யாருக்கோ வாய் துடைக்கிறாள். சம்சாரி சாய்ந்ததை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் வந்து அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டுப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. எனக்குக் காதும் நன்றாகக் கேட்கும். இரண்டு குற்றம் சொன்னார். ஒட்டைச் சரியாக ஒட்டவில்லை, போனை எடுக்கவில்லை. உண்மையாகவே அந்த ஆளுக்கு நின்றிருந்தால் ஆஸ்பத்திரியின் கதி என்ன என்றார். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லிவிடுவார், அதோடு கணக்கு முடித்துக்கொள் என்றார்.

அவள் உள்ளே வந்து என் சட்டையைத் திறந்து ஒட்டைக் கழற்றினாள். அடியில் செம்மண் நிறம். விரலில் தேய்த்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். என் வீட்டம்மாவைப் பார்த்தாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் புது ஒட்டு வைத்தாள். பழத்தோலைத் தரையில் போட்டதற்காக என்னைத் திட்டினாள்.

மண் பூசியதுதான் காரணம் என்று மேனேஜரிடம் போய்ச் சொல்லலாமே என்று கேட்டேன். ஆச்சி சாமி மண் என்று ஆசையோடு கொண்டு வந்திருக்கிறாள், அதைக் காட்டிக் கொடுத்துத்தான் நான் தப்பிக்க வேண்டுமா என்றாள். போனை எடுக்கவில்லை என்பது எப்படியும் உண்மைதானே என்றும் சொன்னாள்.

என் வீட்டம்மா ஒன்றும் புரியாமல் நின்றாள். மண் தடுத்தால் துடிப்பு வயருக்குப் போகாது, மதுரையில் கோடு படுத்துவிடும் என்று அவளுக்கு விளக்கினேன். விளங்கியதும் அவள் முகம் சிவந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, நீ போகக் கூடாது தாயி, காலையில் நான் பேசுகிறேன் என்றாள். அவள் பேசுவதாவது. நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் வெளி ஆட்களிடம் பேசுவது நான்.

ஆனால் காலையில் அவள்தான் முதலில் பேசினாள். அதை நான் மறைக்கமாட்டேன். டாக்டர் வந்து நிற்பதற்குள், மண் பூசியது நான்தான், அந்தப் பிள்ளை ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தது என்று சொல்லிவிட்டாள். டாக்டர் திகைத்துப்போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"நெஞ்சு சரியாகணும்னு பூசுனேன். சரியாத்தான இருக்காவ? மிஷினுக்கு ஒத்துக்கிடலன்னா மிஷினப் பாருங்க" என்றாள்.

டாக்டருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. ஒட்டு விஷயம் தீர்ந்தது, ஆனால் போன் விஷயம் இருக்கிறதே என்றார். கடைசிக் கட்டிலில் இருந்து சம்சாரி எழுந்து உட்கார்ந்து, அந்தப் பிள்ளை பிடிக்காவிட்டால் என் தலை இந்தக் கட்டில் கம்பியில் பிளந்திருக்கும் என்று சாட்சி சொன்னார். டாக்டர் அதையும் ஏற்றுக்கொண்டார். இருந்தாலும் போன் வந்தால் ஒரு நிமிஷம் எட்டிப் போய் எடுத்துவிடலாமே என்றார்.

இங்கேதான் நான் இறங்கினேன்.

டாக்டரை அந்த வாசல் மேசையில் உட்காரச் சொன்னேன். சிஸ்டர் இப்போது சம்சாரிக்கு ஊசி போடட்டும், நீங்கள் போனைப் பாருங்கள் என்றேன். அவர் உட்கார்ந்ததும் என் நெஞ்சிலிருந்து ஒரு ஒட்டை உரித்தேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. டாக்டர் எடுத்தார், மதுரை. எழுந்து வந்து என் ஒட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். உட்காரவில்லை, மறுபடி மணி. பக்கத்துக் கட்டில் ஆட்டோக்காரர் இருமியதில் அவருடையது நிஜமாகவே கழன்றிருந்தது. அதை வைக்க வந்தார். அவர் கையை எடுப்பதற்குள் மறுபடி மணி. எதிர்க் கட்டில்காரர் தானாகவே உரித்துவிட்டு முகட்டைப் பார்த்துப் படுத்திருந்தார். வார்டில் எல்லோருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. டாக்டர் மேசைக்கும் கட்டிலுக்கும் தறியில் நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மாதிரி ஓடினார். ஸ்டெதஸ்கோப் ஒருமுறை கதவுக் கொண்டியில் மாட்டி இழுத்தது. மதுரைக்காரரே கடைசியில், சார், உங்க ஊர்ல இன்னைக்கு என்ன நடக்குது என்று கேட்டாராம்.

டாக்டர் என் கட்டிலில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"போதும் அண்ணாச்சி" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்தோம். சம்சாரிக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு வந்த சிவகிரிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நெசமாவே ஒருத்தருக்கு நின்னாலும் சார், அந்த போன் இதே மாதிரிதான அடிக்கும்?"

டாக்டர் அவளையே பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. படித்து முடித்த பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள், இந்த ஊரில் நர்ஸ் கிடைப்பதில்லை, என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். கிடைத்த ஒருத்தியையும் அனுப்பப் பார்க்கிறீர்களே என்று நான் கேட்டேன். டாக்டர் எழுந்தார். மேனேஜரைக் கூப்பிட்டு, இவள் எங்கேயும் போகவில்லை, ஸ்கேன் அறையில் இருக்கிற பிள்ளையை நாளையிலிருந்து மேலே அனுப்பு என்றார். என் வீட்டம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

நான் அங்கேயே நிறுத்தவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி வாங்க வைத்தேன். ஒட்டு கழன்றால் ஒரு மாதிரி மணி, துடிப்பில் கோளாறு என்றால் வேறு மாதிரி மணி அடிக்க மதுரையில் ஏற்பாடு செய்ய வைத்தேன். அந்த யோசனை சிஸ்டருடையது. அதை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னது நான். போனை யாரும் எடுக்காவிட்டால் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டுமே என்று, என் கொட்டகையில் ஷிப்ட் மாறும்போது அடிக்கிற மின்மணியை ஆள் அனுப்பிக் கழற்றி வரவழைத்து மாட்டச் செய்தேன். தறி ஓடும்போதே கேட்கிற மணி அது. முதல்முறை சோதித்துப் பார்த்தபோது கீழே பிரசவ வார்டில் ஒரு குழந்தை விழித்து அழுததாம்.

புற்றுமண்ணுக்கும் ஒரு ஒப்பந்தம் ஆனது. அதை என் வீட்டம்மாவும் சிஸ்டரும் நேருக்கு நேர் பேசி முடித்தார்கள். கழுத்துக்கு மேலே பூசலாம், தொப்புளுக்குக் கீழே பூசலாம், நடுவில் கூடாது. ஒட்டு வைக்கும் முன்பு நெஞ்சைத் துடைத்துக் காய வைக்க வேண்டும், தினமும் ஒட்டை மாற்ற வேண்டும் என்று சிஸ்டர் தனக்கும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். எனக்குத் துடிப்பு சரியாகி வீட்டுக்கு வந்தேன். மாத்திரையா மண்ணா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், போன மாதம் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளில் இருந்தெல்லாம் டாக்டர்களும் நர்ஸ்களும் வந்தார்கள். எங்கள் வார்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துப் போக வந்தார்களாம். நானும் கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். டாக்டர் பேசினார். சிஸ்டரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார். அது நியாயம், முதலில் கை தட்டியவன் நான். மதுரைக்காரர்களுக்கு நன்றி சொன்னார். மிஷின் கம்பெனிக்கு நன்றி சொன்னார். மணியை மாட்டிய எலெக்ட்ரீஷியனுக்குக்கூட நன்றி சொன்னார். மணியைக் கொடுத்தவனுக்குச் சொல்லவில்லை. வார்டு வாசலில் பளபளவென்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், யார் யார் முயற்சியால் இந்த ஏற்பாடு வந்தது என்று. மேலிருந்து கீழ் வரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் இல்லை.

கூட்டம் முடிந்து டாக்டரிடம் கேட்டேன். அண்ணாச்சி நீங்கள் பேஷண்ட், பேஷண்ட் பெயரை வெளியில் எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது என்றார். விதியை நான் மதிக்கிறேன். இதிலும் யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் சேர்த்து. ஆனால் நான் அங்கே வெறுமனே படுத்துக் கிடந்தவன் இல்லை. மதுரையில் படுத்தது யாருடைய கோடு? என் கோடு படுக்காமல் இருந்திருந்தால் அந்த வார்டில் ஒரு நர்ஸ் தனியாக ஓடிக்கொண்டிருப்பதும், போன் சும்மா அடித்து ஓய்வதும் யாருக்குத் தெரிந்திருக்கும்? முதல் ஒட்டை உரித்து டாக்டரை ஓட வைத்தது யார்? நிஜமாக ஒருவருக்கு நின்றபிறகு தெரிந்திருந்தால் யார் பொறுப்பு?

எனக்குச் சால்வை வேண்டாம். கொட்டகையில் ஜவுளி கிடக்கிறது. அந்தப் பலகையில் ஒரு வரி வேண்டும். பெயர் போட விதி இடம் கொடுக்காவிட்டால், மணி கொடுத்த தறிக்கார அண்ணாச்சி என்று போடட்டும். சங்கரன்கோவிலில் யாருக்கும் சந்தேகம் வராது. சிஸ்டர் பெயருக்குக் கீழே போடுங்கள், சம்மதம். ஆனால் மதுரைக்காரர்களுக்கு மேலே போட வேண்டும்.